தினா கல்யாணத்தில் சாப்பாட்டை நிறுத்திய வரி

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. எனக்கு மேடையில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன். நீளமாக எழுதுங்கள் என்றார். நீளமும் எனக்கு வராது. நான் எழுதியதிலேயே நீளமானது இதுதான்.

பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு கல்யாணத்தில் மண்டபம் நிறைய ஜனம் பசியோடு நின்றது. காரணம் நம் ஆபீசில் எழுதிய ஒரு வரி. ஒரே வரி. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்தாவதோடு படிப்பு நின்றது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். அங்கே ஒருவர் வாசிப்பார், ஒருவர் அடிப்பார். அப்புறம் அடித்தவர் வாசிப்பார், மற்றவர் சரிபார்ப்பார். அந்தப் பழக்கம் போகவில்லை. கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் எழுதியதை முணுமுணுவென்று வாசித்துப் பார்ப்பேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் நான் ஸ்லோகம் சொல்வதாக நினைத்தார்கள். இந்த ஆபீசுக்கு டேட்டா என்ட்ரிக்குத்தான் வந்தேன். புரோகிராம் எழுத ஆள் போதாமல் ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை.

அப்போது நாம் தி.நகரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தோம். யோசித்துக்கொண்டிருக்கும்போது கீழே குண்டான் விழும். திரும்ப முதலிலிருந்து யோசிப்போம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரிவெட்டு. அந்த வாரம் எழுதிய புரோகிராமில் யார் அதிக வரிகளைக் குறைத்தாரோ அவருக்கு முதல் தட்டு பஜ்ஜி. வேலை மாறக் கூடாது, வரி மட்டும் குறைய வேண்டும். பாண்டி பஜாரிலிருந்து மிளகாய் பஜ்ஜி வரும். இரண்டாம் தட்டு வருவதற்குள் சூடு போய்விடும். அதனால் எல்லோரும் வெறியாக வெட்டினார்கள். பெயர்களைச் சுருக்கினார்கள். சுருக்கியதை ஒற்றை எழுத்தாக்கினார்கள். விளக்கக் குறிப்பு எழுதினால் அதுவும் வரிக் கணக்கில் வரும் என்பதால் யாரும் எழுதவில்லை.

இந்த வெட்டில் ராஜா, தினாதான். கோடம்பாக்கத்துப் பிள்ளை. அவன் அப்பா ஷூட்டிங்கில் லைட் போடுகிறவர். "எங்கப்பா ஒரு லைட்ட வச்சி மூணு லைட் வேல வாங்குவாரு. நான் ஒரு வரில முப்பது வரி வேல வாங்குவேன்" என்பான். வாங்கவும் செய்தான். மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை முதல் தட்டு அவனுக்குத்தான்.

வடபழனியில் ஒரு கல்யாண மண்டபம் நமக்கு வாடிக்கை. மேலே ஒரு மண்டபம், கீழே ஒரு மண்டபம். இரண்டுக்கும் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். சமையல் அவரவர் ஆட்கள், உட்காரும் இடம் பொது. ஒரே நாளில் இரண்டு கல்யாணம் நடந்தால் யார் முதலில் உட்காருவது என்று சண்டை வரும். அதற்காக அந்த ஓனரம்மா நம்மிடம் ஒரு போர்டு கேட்டார். கூடத்து வாசலில் ஒரு டிவி. அதில் 'மேல் மண்டபம்' அல்லது 'கீழ் மண்டபம்' என்று வரும். எந்தப் பெயர் வருகிறதோ அந்த மண்டபத்து ஆட்கள் உள்ளே போகலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். முகூர்த்த நேரத்தையும், எங்கே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும் மண்டபத்து ஆபீஸ் அறையில் அடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் சொன்னதால் யாரும் சண்டை போடவில்லை. ஓனரம்மாவுக்கு அந்த டிவி சாமி மாதிரி.

அடுத்து யார் என்று முடிவு செய்கிற பகுதியை எழுதியது தினா. முதலில் அது ஒரு பக்க நீளம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதை ஒரு வரியாக்கினான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். கீழே குண்டானும் விழுந்தது. அன்றைக்கு இரண்டு தட்டும் அவனுக்கே.

சில மாதம் கழித்து தினாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மீனா. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், தி.நகரில் துணிக்கடை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வளர்த்தது பெரியப்பா. மண்டபம் எது என்று கேட்டால் வேறு எது, நம் வாடிக்கைதான். ஓனரம்மா தினாவுக்காகக் கீழ் மண்டபத்தை ஒதுக்கிக் கொடுத்தார். "நீ பண்ண போர்டே ஒன் கல்யாணத்துக்கு ஆள கூப்பிடப்போவுது" என்றார். தினாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அது நல்ல முகூர்த்த நாள். மேல் மண்டபத்தில் மயிலாப்பூர்க்காரர்கள் கல்யாணம். வழக்கமாக ஓனரம்மா இரண்டு முகூர்த்தத்துக்கும் நடுவே அரை மணி இடைவெளி விடுவார். அன்றைக்கு முடியவில்லை. மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் கெட்டிமேளம். மாடிப்படியில் நின்றால் இரண்டு காதிலும் இரண்டு நாதஸ்வரம். தூவ எடுத்த அட்சதையை ஒரு அம்மாள் தவறான மாப்பிள்ளை மேல் போட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

தாலி கட்டியாயிற்று. எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பினார்கள். போர்டில் 'மேல் மண்டபம்' என்று வந்தது. சரி, அவர்கள் முதலில். கீழ் மண்டபத்து ஜனம் பொறுமையாக நின்றது.

முதல் பந்தி முடிந்தது. போர்டில் 'மேல் மண்டபம்'.

கொஞ்சம் முணுமுணுப்பு. அங்கே கூட்டம் அதிகம் போல என்றார்கள்.

இரண்டாவது பந்தி முடிந்தது. போர்டில் 'மேல் மண்டபம்'.

நானும் ஜமீலும் வாசலில் நின்றோம். ஜமீல் அப்போது சேர்ந்த புதிது. உங்களை மாதிரி. லேப்டாப் பையை மாட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்கே வந்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் போர்டைப் பார்த்தேன்.

வாசலில் காவலுக்குச் செல்வம். ஆள் கதவு அகலம். நான் போய், கீழ் மண்டபத்து ஆட்களையும் கொஞ்சம் விடுங்கள் என்றேன்.

"போர்டுல இன்னா கீது?"

"மேல்னு இருக்கு."

"அப்ப மேலதான். போர்டு சொன்னா வுடுவேன். நீ சொன்னா வுட மாட்டேன்."

"அந்த போர்டே நாங்க பண்ணதுதான்."

"அப்ப அதுக்கு சொல்லு. எனக்கு ஏன் சொல்ற?"

பதில் சரிதான். நான் திரும்பி வந்தேன்.

மூன்றாவது பந்திக்கு மேல் மண்டபத்தில் சடங்கில் உட்கார்ந்தவர்களைத் தவிர ஆளே இல்லை. ஏற்கெனவே சாப்பிட்டவர்களே திரும்ப வந்தார்கள். கூப்பிட்டால் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். பட்டு வேட்டியில் ஒரு மாமா வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். மேல் மண்டபத்துப் பெண்ணுக்கு அவர்தான் தாய்மாமா. கீழ் மண்டபத்து ஜனம் அவரையே பார்த்தது. அவர் யாரையும் பார்க்காமல் போனார்.

அப்போது மீனாவின் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. குரலே உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தாயி, நீங்க மாப்பிள்ள ஆபீஸ்தான?"

"ஆமாங்க."

"இது கல்யாண வீடா, ரேஷன் கடையா?"

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"ஊர்ல இருந்து ரெண்டு பஸ் நெறைய ஆள கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாம் விடியக்காலம் குடிச்ச காப்பியோட நிக்குது. எனக்கு சுகர் மாத்திர போடணும். அது கெடக்கட்டும். வாசல்ல வச்சு தடுத்தா அதுக்கு மேல நிக்கக் கூடாது. நாங்க கெளம்புதோம்."

"ஐயா, ஒரு பத்து நிமிஷம்."

"கை நனைக்காம போறோம்னு யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா போறோம்."

சொல்லிவிட்டுச் செருப்பு விட்ட இடத்துக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ் டிரைவருக்கு ஆள் அனுப்பினார்.

பெண் வீட்டுப் பெரியவர் கல்யாணத்தன்று சாப்பிடாமல் போனால் அது அன்றோடு போகாது. ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு வளைகாப்புக்கும் எழுந்து வரும். தினா, மீனா பேரன் பேத்தி எடுத்தாலும் அந்தப் பேத்தி காதுகுத்தில் யாராவது சொல்வார்கள்.

ஓனரம்மாவைத் தேடிப் பிடித்தோம். போர்டை அணைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அணைக்காத. போன வைகாசில கரென்ட் போயி போர்டு அணைஞ்சிது. நாற்காலி பறந்துச்சு. ஒரு மாப்பிள்ளைக்கு நெத்தில தையல். ஆல்பத்துல பாரு, தலைப்பாக்குள்ள பிளாஸ்திரி."

"அப்ப என்ன பண்றது?"

"நீதானே போர்டுக்காரி. பண்ணு."

மண்டபத்து ஆபீஸ் அறையில் ஜமீல் லேப்டாப்பைத் திறந்தான். தினாவின் வரியைக் கண்டுபிடித்தான். திரையில் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் போய், மடங்கித் திரும்பி வந்து, மறுபடி போனது. எல்லாம் ஒற்றை எழுத்துகள். கேள்விக்குறிக்குள் கேள்விக்குறி. அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் ஒரு கழித்தல், அது எதிலிருந்து எதைக் கழிக்கிறது என்று தெரியவில்லை. நான் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். பாதியில் மூச்சு முட்டியது.

"புரியுதாக்கா?"

"இல்ல."

"எனக்கும். தினா அண்ணங்கிட்டயே கேட்ருவோம்."

மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றுதான் மேடை ஏற முடியும். நாங்கள் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் ஏறி, மாப்பிள்ளை கையில் பரிசுக்குப் பதிலாக லேப்டாப்பைக் கொடுத்தோம். மாலை திரையை மறைத்தது. நான் மாலையைத் தூக்கிப் பிடித்தேன். ரோஜா இதழ் விசைகள் மேல் உதிர்ந்தது. ஜமீல் ஊதி எடுத்தான்.

தினா வரியைப் பார்த்தான். முகம் மாறியது.

"யாருக்கா எழுதுனது இத? அவன் கைய ஒடிக்கணும்."

"நீதான்."

"நானா?"

"கைதட்டினோமே."

அவன் மறுபடி பார்த்தான். உதடு அசைந்தது. விரலால் ஒரு அடைப்பைப் பிடித்துக்கொண்டு அதன் ஜோடியைத் தேடிப் போனான். வழியில் தொலைத்தான்.

போட்டோக்காரர், "சார், லேப்டாப்ப கொஞ்சம் கீழ பிடிங்க. பொண்ணு முகம் மறையுது. அப்படியே சிரிங்க" என்றார். நால்வரும் சிரித்தோம். அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது.

மீனா எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கே புரியலையா?"

"புரியும். கொஞ்சம் டைம் குடு. இந்த கே எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"கே எது?"

"அதான் தெரில."

"எவ்ளோ டைம் வேணும்?"

"மாலைய கழட்டுனா யோசிக்க வரும்."

"இப்போ மாலையைக் கழட்டப்படாது" என்றார் சாஸ்திரிகள், பின்னாலிருந்து.

மீனா என் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்தாள். "அக்கா, பெரியப்பா செருப்பு போட்டுட்டாரு, இங்க இருந்து தெரியுது. அவர் சாப்பிடாம கிளம்பினா நானும் அந்த பஸ்ல ஏறிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

தினா அவளைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் இறங்கி ஓடினோம். ஆபீஸ் அறை வாசலில் ஜமீல் சொன்னான்: "அக்கா, எதுக்கு படிச்சுக்கினு. இந்த வரிய தூக்கிட்டு 'கீழ்'னு மட்டும் போட்டு வுட்ருவோம். ஒரு நிமிஷம். மேட்டர் ஓவர்."

செய்திருப்பேன். கை போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பட்டு வேட்டி மாமா நாலு பேரோடு உள்ளே வந்தார்.

"போர்டு போட்டவா நீங்கதானா?"

"ஆமாங்க."

"கீழ மாப்பிள்ளையும் உங்க ஆபீஸாமே. இப்பதான் சொன்னா. இனிமே எங்களைக் கூப்பிடவே கூப்பிடாதோ?"

"நீங்க மூணு பந்தி சாப்பிட்டாச்சே மாமா" என்றான் ஜமீல்.

"அது வேற. சாப்பிடாதவா இன்னமும் மேல இருக்கா. ஹோமத்துல உக்காந்தவா, நாத்தனார் கூட்டம் மொத்தமும். எங்களுக்குத் தெரியாம உள்ள என்னமோ மாத்தறேள்னா நாங்க சும்மா இருக்க மாட்டோம்."

பின்னால் நின்ற நால்வரில் ஒருவர் ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்திருந்தார். சும்மா வைத்திருந்தாரோ என்னமோ.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எங்களுக்குப் புரியாத வரியை எடுத்துவிட்டு, அவர்களுக்குப் புரியாத இன்னொரு வரியை வைத்தால் கீழ் மண்டபம் சாப்பிடும். மேல் மண்டபம் நாற்காலியைத் தூக்கும். வேலை செய்கிற வரி போதாது. அவர்கள் கேட்டு, சரி என்று தலையாட்டுகிற வரி வேண்டும். அதற்கு அவர்களுக்குப் புரிய வேண்டும்.

ஜமீலைப் பெரியப்பாவை அழைத்து வரச் சொன்னேன். செருப்போடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

நான் தினாவின் வரியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அக்கா, அது அண்ணனோட சாதன" என்றான் ஜமீல்.

"அழிக்கல. ஓரமா இருக்கு."

பிறகு இரண்டு பெரியவர்களையும் பார்த்துச் சொன்னேன். "அடுத்து யார் சாப்பிடணும்னு நீங்களே சொல்லுங்க. சொல்ற மாதிரியே அடிக்கிறேன். அடிச்சத வாசிக்கிறேன். தப்பிருந்தா சொல்லுங்க."

மாமா யோசித்தார். "முறை வெச்சுண்டா போச்சு. ஒரு தரம் நாங்க, ஒரு தரம் அவா."

அடித்தேன். வாசித்தேன். "கடைசியாகச் சாப்பிட்டது மேல் மண்டபம் என்றால், அடுத்தது கீழ் மண்டபம். கடைசியாகச் சாப்பிட்டது கீழ் மண்டபம் என்றால், அடுத்தது மேல் மண்டபம்." பெயர்களைச் சுருக்கவில்லை. முழுசாகவே வைத்தேன்.

"இவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ நாழி?" என்றார் மாமா.

பெரியப்பா வாசலிலிருந்து கேட்டார். "எங்க ஆளுக எல்லாம் சாப்பிட்டு முடிச்சப் பெறவும் எங்களத்தான் கூப்பிடுமா? எல வெறும் எலையா கெடக்கும்லா?"

நல்ல கேள்வி. அடித்தேன். "கூப்பிட வேண்டிய மண்டபத்தில் யாரும் காத்திருக்கவில்லை என்றால், மற்ற மண்டபம்."

"ரெண்டு எடத்துலயும் யாரும் இல்லேன்னா?" இது மாமா.

"பந்தி முடிந்தது."

"பேஷ்."

"மொதல் பந்தி யாருக்கு?" என்றார் ஓனரம்மா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"முகூர்த்தம் யாருக்கு முன்னாடி முடியுதோ அவங்களுக்கு."

"இன்னிக்கி மாரி ஒண்ணா முடிஞ்சா?"

இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமாதான் சொன்னார். "மேலதான்னு மட்டும் போட்டுடாதேள். இன்னிக்கு வாங்கின பேரே போறும். யார் கூட்டம் ஜாஸ்தியோ அவா."

பெரியப்பா தலையாட்டினார். அடித்தேன்.

மேடையிலிருந்து மீனா வந்துவிட்டாள், மாலையோடு. பின்னாலேயே தினா, அவள் முந்தானையில் முடிச்சுப் போட்டிருந்ததால். வேறு வழியில்லை அவனுக்கு. "அக்கா, மாத்திரை போடறவங்க? குழந்தைங்க? அவங்க முறை வர்ற வரைக்கும் நிக்கணுமா?"

"எந்த மண்டபமாக இருந்தாலும், ஒவ்வொரு பந்தியிலும் முதல் வரிசை வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கும்." இது போர்டின் அடியில் ஓடும்படி வைத்தேன்.

"அப்டியே, ஒரு தரம் சாப்பிட்டவா திரும்ப வரப்படாதுன்னு போடுங்கோ" என்றார் மாமா. "என்னைக் காப்பாத்துங்கோ. இன்னொரு தரம் பாயசம் சாப்பிட்டா படுத்துடுவேன்."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்க. முகம் பாத்து சொல்லணும். செல்வம் பாத்துக்குவாரு."

"பாத்துக்கறேன்" என்றார் செல்வம் கதவை நிறைத்துக்கொண்டு. "இந்தப் பெர்சு மூஞ்சி எனக்கு மனப்பாடம்."

ஆக ஏழு வரி. ஒன்று ஏழானது. தினா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தான். ஒரு தரம்தான் வாசித்தான். "புரியுது" என்றான், ஏதோ அதிசயத்தைப் பார்த்த மாதிரி.

போர்டில் போடுவதற்கு முன் பொய்யாகச் சில பந்தி ஓட்டிப் பார்த்தோம். கீழ், மேல், கீழ், மேல். மாமாவும் பெரியப்பாவும் திரையைக் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் மாறும்போது மாமா "ம்" என்றார். மேலே ஆள் இல்லை என்று பொய் சொன்னோம். கீழ், கீழ். பெரியப்பா "ம்" என்றார்.

ஜமீல் அழுத்தினான். எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். மாலை போட்ட இருவரும் உட்பட.

'கீழ் மண்டபம்.'

கூடத்தில் எழுந்த சத்தத்தைக் கேட்டு மேலே நாதஸ்வரக்காரர் இன்னொரு தாலி கட்டுவதாக நினைத்துக் கெட்டிமேளம் வாசித்துவிட்டார்.

செல்வம் ஒதுங்கி வழி விட்டார். கீழ் மண்டபம் உள்ளே போனது. பெரியப்பா மட்டும் போகவில்லை. அப்படியே நின்றார். மீனா அவர் எதிரில் நின்றாள்.

"பெரியப்பா?"

"மேல் மண்டபத்துக் கொளந்தைக எங்க?" என்றார் அவர். "மொத வரிச அதுகளுக்குன்னுதான எழுதியிருக்கு. கூப்பிடுங்க."

மேலேயிருந்து குழந்தைகள் இறங்கி வந்தன. ஒரு கூட்டம். சிலவற்றுக்கு அது நான்காவது சாப்பாடு, அவற்றைச் செல்வம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். மற்றவை உட்கார்ந்த பிறகு பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். செருப்பைக் கழற்றினார்.

உட்காரும்போது மாமாவின் கையைப் பிடித்தார். "வாங்க. தனியா உக்காந்தா நல்லா இருக்காது."

"ஓய், முடியாதுங்காணும்."

"மோர் மட்டும் குடிங்க."

மாமா மோர் மட்டும் குடித்தார். இரண்டு டம்ளர். பஸ் டிரைவருக்கும் இலை போட்டார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பழைய வரியைப் பிரித்துப் பார்த்தோம். மத்தியானம் வரை ஆயிற்று, தினாவையும் வைத்துக்கொண்டு. அவனால் மாலை இல்லாமலும் யோசிக்க முடியவில்லை. கடைசியில் கிடைத்தது. ஒரு முகூர்த்த நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கிறது. இரண்டும் ஒன்றானால் பூஜ்யம் வரும். பூஜ்யம் வந்தால் மேல். எத்தனை தரம் கேட்டாலும் மேல். ஒரு பக்கமாக இருந்தபோது அதற்கென்று தனியாக இரண்டு வரி இருந்தது. வெட்டும்போது அதுவும் போயிருந்தது. வெட்டியவன் கண்ணில் படவில்லை. கைதட்டியவர்கள் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? யாரும் அதைப் படிக்கவில்லை. நீளத்தைத்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை விதி மாறியது. எழுதியவர் பேசக் கூடாது. இன்னொருவர் அதைச் சத்தமாக வாசித்து என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். திக்காமல் வாசித்தால் எழுதியவருக்கு முதல் தட்டு. மாற்றச் சொல்லிக் கேட்டது தினாதான். முதல் மூன்று வாரம் அவனுக்குத் தட்டே கிடைக்கவில்லை. நான்காம் வாரம் கிடைத்தது. வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனான், மீனாவுக்குக் காட்ட.

உங்களிடம் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. நீங்கள் எழுதுவதை ஒரு நாள் யாராவது அவசரத்தில் படிப்பார்கள். உட்கார இடம் இருக்காது. பக்கத்தில் யாராவது கோபமாக நிற்பார்கள். படிப்பது நீங்களாகவே இருக்கலாம், கழுத்தில் மாலையோடு. அந்த ஆளை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். பெயரை முழுசாக வையுங்கள். ஒரு வரியில் ஒரு விஷயம் சொல்லுங்கள். கெட்டிக்காரத்தனம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

அந்த ஏழு வரியை ஓனரம்மா பெரிதாக அச்சடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒட்டிவிட்டார். கம்ப்யூட்டரில் இருக்கிற அதே வரிகள். காத்திருக்கிறவர்கள் படிக்கிறார்கள். படித்துவிட்டுத் தப்புக் கண்டுபிடிக்கிறார்கள். கர்ப்பிணிகளை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு அம்மாள் சொன்னார். சேர்த்தோம். ஒரு வக்கீல் முகூர்த்தம் முடிவது என்றால் தாலியா, ஏழடியா என்று கேட்டார். தாலி என்று எழுதினோம். தினாவின் வரி அங்கே மாதக்கணக்கில் ஓடியது. அதில் ஒருத்தரும் ஒரு தப்பும் சொன்னதில்லை.

போன வாரம் மண்டபத்திலிருந்து எனக்கு போன். நாதஸ்வரம் வாசிக்கிறவர்.

"அம்மா, கதவுல இருக்கறத படிச்சேன். நல்லா இருக்கு. இதுல நாங்க எங்க இருக்கோம்?"

"புரியலீங்க."

"நாங்க மேல் மண்டபமும் இல்ல, கீழ் மண்டபமும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஊதறோம். செல்வம் கேக்கறான், நீ எந்த மண்டபம்னு. நேத்து ரசமும் முடிஞ்சு போச்சு."

அவர் சொல்வது சரி. எட்டாவது வரி வேண்டும். நான் நேற்றோடு நின்றுவிட்டேன், என் மேஜையைக் காலி செய்தாயிற்று. நீங்கள் எழுதுங்கள். எழுதியதும் அவருக்கு போன் போட்டு வாசித்துக் காட்டுங்கள். சாயந்திரம் கூப்பிடுங்கள், காலையில் வாசித்துக்கொண்டிருப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகு போர்டில் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருக்கிறது. இரண்டு மண்டபமும் பதிவாகிவிட்டது.